கடைசிப் பதினொரு படங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தோமிகோவுக்குத் தோள் வலித்தது. லென்ஸ் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எடை போட்டிருந்தார்கள்: ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். அதைப் படித்ததுமே வலது தோள்பட்டை முனகத் தொடங்கிவிட்டது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நவம்பர் மாதம். தோக்கியோவின் கான்டா பகுதியில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் தளத்தில் அந்தப் புகைப்பட மாத இதழின் அலுவலகம். மாதம் ஒரு புது லென்ஸைச் சோதித்து இரண்டு பக்கம் போடுவார்கள். மேல் பாதியில், எல்லோரும் ‘சென்செய்’ (ஆசான்) என்று மரியாதையாக அழைக்கும் குஜிராய் என்ற பெயர்பெற்ற புகைப்படக்காரர் அந்த லென்ஸில் தான் எடுத்த படங்களைப் போட்டு, அதைப் பற்றி ரசித்து எழுதுவார். கீழ்ப் பாதியில் எண்கள் இருக்கும். எந்த அபர்ச்சரில், அதாவது ஒளித்துளையை எவ்வளவு திறந்தால், ஓரம் எவ்வளவு மங்குகிறது, ஆட்டோஃபோகஸ் நூற்றுக்கு எத்தனை தடவை சரியாகப் பிடிக்கிறது என்ற எண்கள். அந்த எண்களை எடுப்பவர்தான் தோமிகோ நாகுமோ. வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை.

பதினெட்டு வயதில் இதபாஷியில் லென்ஸ் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, விளக்குக்கு நேரே ஒவ்வொரு கண்ணாடியாகப் பிடித்து, கீறலும் குமிழும் தேடுகிற வேலை. ஒரு நாளைக்கு நானூறு கண்ணாடி. பதினோரு வருடம் கழித்து அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அதைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், இவர் கண்ணாடியைப் பார்க்கும் விதத்தைக் கண்டு இந்த இதழின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்றுப் போய் நாளாகிவிட்டது. தோமிகோ அதே நாற்காலியில் இருந்தார்.

கணவர் குனிஹிகோ நகரப் பேருந்து ஓட்டியவர். முதுகுத்தண்டு கெட்டுப்போய் முன்கூட்டியே வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில் சமையல் பார்க்கிறார். அன்று காலை மனைவியின் தோளில் வலிப் பட்டை ஒட்டிவிடும்போது சொன்னார்.

“உன் தோளையும் என் முதுகையும் கழிச்சுட்டா, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு முழு ஆள் தேறும்.”

“அந்த ஆளுக்குக் கால் யாரோடது?”

“உன்னோடது. நான்தான் இருபது வருஷம் உக்காந்தே சம்பாதிச்சேனே.”

அந்தப் பட்டையின் கற்பூர வாசம் அலுவலகத்துக்கும் கூடவே வந்தது. அந்த வாசம் வந்தால், கனமான லென்ஸ் ஏதோ வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வந்திருந்தது தகாசுனா கம்பெனியின் டெலி ஜூம். எண்பதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை. எந்த நீளத்துக்கு இழுத்தாலும் அபர்ச்சர் 2.8 வரை திறக்கும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் ஓடுகிறவனை உறைய வைத்து எடுக்கலாம். செப்டம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டு விழாக்கள் தொடங்கும் முன் அப்பாக்கள் கையில் போய்ச் சேர வேண்டும் என்று விளம்பரமும் அப்படித்தான் செய்திருந்தார்கள். குஜிராய் தன் கட்டுரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ‘கண்ணை முந்தி ஓடுகிற லென்ஸ்’ என்று தலைப்பு.

முதலில் சுவர்ச் சோதனை. அலுவலகத்தின் பின்பக்கச் சுவரில் செய்தித்தாளின் பங்குச்சந்தைப் பக்கங்களை மூலைக்கு மூலை ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, ஸ்லைடு ஃபிலிமில் எடுப்பார். கழுவி வந்ததும் ஒளிமேசையில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பைக் கண்ணில் வைத்து, மூலையில் எந்த எண் வரை படிக்க முடிகிறது என்று பார்ப்பார். தகாசுனாவில் அபர்ச்சரை முழுசாகத் திறந்தபோதும் கோடி மூலையில் இருந்த பொடி எண்கள் கூடத் தெளிவாக இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஜூமை அவர் பார்த்ததில்லை. ‘அப்பாடா, இது சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று நினைத்தார்.

அடுத்தது ரயில் சோதனை. ஆற்றைத் தாண்டினால் ஒரு சின்ன நிலையம். விரைவு வண்டி அங்கே நிற்காது. தண்டவாளம் நேர்கோடாக ஓடுவதால், நடைமேடையின் கோடியில் நின்றால் வண்டி நேரே முகத்துக்கு வரும். இருநூறு மீட்டர் தூரத்தில் பொத்தானை அழுத்தினால் கேமரா தானாக ஃபோகஸ் செய்துகொண்டே நொடிக்கு நான்கு படம் எடுக்கும். வண்டி பக்கத்தில் வந்து சீறிப் பறப்பதற்குள் ஒரு ரோலின் முப்பத்தாறு படமும் தீர்ந்துவிடும். நிலையத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

“மறுபடியும் வந்துட்டீங்களா? எங்க வண்டி இத்தனை வருஷத்துல கொஞ்சமாவது அழகாச்சா?” என்றார் வாயிலில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் ஊழியர்.

“பெயின்ட் மாத்தினீங்க. வேற ஒண்ணும் தெரியல.”

பத்து மணி வண்டிக்கு ஒரு ரோல், பத்தரை மணி வண்டிக்கு ஒரு ரோல் என்று நான்கு ரோல் எடுத்தார். மறுநாள் ஒளிமேசையில் பரப்பினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறி: ஓட்டுநரின் முகம் தெளிவாக இருந்தால் வட்டம், சற்று மங்கினால் முக்கோணம், கெட்டிருந்தால் பெருக்கல். முதல் ரோலில் இருபத்திரண்டு வட்டம், மூன்று முக்கோணம், பதினோரு பெருக்கல். கெட்டுப்போன பதினொன்றும் சிதறிக் கிடக்கவில்லை. கடைசிப் பதினொரு படங்கள், வரிசையாக.

வண்டி அறுபது மீட்டருக்குள் வந்தபின் எடுத்த படங்கள் அவை. ஓட்டுநரின் முகம் மூடுபனியில் வைத்ததுபோல இருந்தது. ஆனால் பின்னாலிருந்த இரண்டாம் பெட்டியின் கூரையில் இருந்த ஆணிகள்கூடத் துல்லியம். வண்டி முன்னால் வந்துவிட்டது. லென்ஸ் அது சற்று முன்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்று ரோலிலும் அதே கதைதான்.

தோமிகோ லூப்பைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ‘என் கைதான். தோள் வலியில கேமரா ஆடியிருக்கும்.’ அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றே அவருக்கு இருந்தது. அட்டவணையில் ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.

ஆனாலும் மறுநாள் போனார். கை ஆடாமல் இருக்கக் கேமராவை ஒற்றைக்கால் தாங்கியில் பொருத்தி எடுத்தார். அதற்கு மறுநாள் அதே கேமராவில் பழைய மாடல் லென்ஸ் ஒன்றை மாட்டி எடுத்தார். பழையது கடைசி வரை பிடித்தது. கேமராவை மாற்றினார், தகாசுனாவை மாட்டினார். மறுபடி கடைசிப் பதினொன்றும் போயின. ஆறு நாள், இருபத்தாறு ரோல். நடைமேடையில் காற்று ஆற்றிலிருந்து நேராக அடித்தது. மதியம் நின்றபடியே ஒரு கிண்ணம் சூடான சோபா நூடுல்ஸை உறிஞ்சிவிட்டுத் திரும்புவார். ஆறாம் நாள் கிண்ணத்தைத் தூக்க வலது கை வரவில்லை. இடது கையால் சாப்பிட்டார்.

ஆசிரியர் எபிஹாரா நல்ல மனிதர்தான். ஆனால் பின்னட்டையில் தகாசுனா விளம்பரம் வரும் இதழின் ஆசிரியர். அட்டவணையை நீளமாகப் பார்த்தார்.

“நாகுமோ சான், உங்களை நான் சந்தேகப்படலே. ஆனா மேல குஜிராய் சென்செய் ‘கண்ணை முந்தி ஓடுது’ன்னு எழுதியிருக்காரு. கீழ நீங்க ‘ஓடலே’ன்னு போட்டா, படிக்கறவன் என்ன நினைப்பான்?”

“ரெண்டையும் படிச்சுட்டு அவனே நினைச்சுக்கட்டுமே.”

“ஒரு வரியா சேர்த்துடலாமா? ‘பக்கத்துல வர்ற பொருளுக்குக் கொஞ்சம் கவனம் தேவை’ன்னு?”

தோமிகோவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சோர்ந்த குரலில்தான் சொன்னார். “எபிஹாரா சான், போடறதா இருந்தா கடைசிப் பதினொண்ணையும் சேர்த்து எல்லா எண்ணும் போடுங்க. இல்லேன்னா என் எண்ணு ஒண்ணுமே வேண்டாம். அந்த இடத்துல சென்செய் படத்தைப் பெருசாப் போட்டுக்கோங்க.”

எபிஹாரா பெருமூச்சு விட்டார். “சரி. கம்பெனிக்காரங்களை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிடுவோம். அவங்க என்ன சொல்றாங்களோ பார்ப்போம்.”

இரண்டு நாளில் தகாசுனாவிலிருந்து இசோகாய் என்ற பொறியாளர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தலை தாழ்த்தி வணங்கிவிட்டு நேரே ஒளிமேசைக்குப் போனார். லூப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபத்தாறு ரோலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தோமிகோ வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

“உங்களுக்கு அனுப்பின லென்ஸ்ல மட்டும் ஏதாவது கோளாறு இருக்கலாம்” என்றார் கடைசியில். “நான் இன்னொண்ணு கொண்டு வந்திருக்கேன். எங்கே எடுத்தீங்க?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

“நானும் வரலாமா? இன்னைக்கு நான் எடுக்கறேன். உங்க கை...” என்று நிறுத்தினார். தோமிகோ இடது கையாலேயே தேநீர் வைத்ததை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

காலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. நடைமேடைக் கோடியில் இசோகாய் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். முதல் வண்டி வந்தபோது பழக்கமில்லாததால் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கினார். தோமிகோவுக்குச் சிரிப்பு வந்தது.

“பயப்படாதீங்க. அது தண்டவாளத்தை விட்டு வராது.”

“ஆய்வுக்கூடத்துல ஒரு பொம்மை வண்டிதான் மேடம் வரும். மெதுவா.”

மூன்று ரோல் எடுத்தபின் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தோமிகோ நடைமேடையில் காசு போட்டால் தரும் இயந்திரத்திலிருந்து இரண்டு சூடான டப்பா காப்பி எடுத்து வந்தார். இசோகாய் டப்பாவைத் திறக்காமல் இரண்டு கையிலும் வைத்துச் சூடு காய்ந்தார்.

“கழுவிப் பார்க்க வேண்டாம்” என்றார். “பார்க்கும்போதே தெரிஞ்சுது. கடைசியில கேமரா வழியா பார்க்கறப்பவே வண்டி கலங்குச்சு.”

காரணத்தையும் அவரே சொன்னார். “ஃபோகஸ் மாத்தணும்னா முன்பக்கக் கண்ணாடித் தொகுதி மொத்தமும் நகரணும். அது பெருசு, கனம். கேமராவுல இருக்கற மோட்டார்தான் அதைத் திருகணும். பொருள் தூரத்துல இருந்தா கொஞ்சம் திருகினாப் போதும். கிட்ட வர வர நிறையத் திருகணும். மோட்டார் திணறுது. உள்ளே இருக்கற சின்னக் கண்ணாடி மட்டும் நகர்ற மாதிரி மாத்தலாம்னு நான் வரைபடம் போட்டேன். ஆறு மாசம் கேட்டேன். விளையாட்டு விழாவுக்குள்ள வேணும்னு சொல்லிட்டாங்க.”

“அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.” அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார். “பொம்மை வண்டியில சரியா வந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன். நீங்க எழுதுங்க, மேடம். அதுல ஒரு எண்ணையும் மாத்த வேண்டாம்.” கொஞ்சம் பொறுத்து, சங்கடத்தோடு சேர்த்தார். “கண்ணாடி நல்லா இருக்குங்கறதையும் எழுதுவீங்களா? அதை வடிவமைக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு.”

“மூலையில இருந்த எண்ணெல்லாம் படிச்சேன், இசோகாய் சான். நான் கண்ணாடி பார்த்து வளர்ந்தவ. அப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லே.”

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காப்பியைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தார். அடுத்த வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. இருவரும் அதைப் படம் எடுக்கவில்லை.

கம்பெனி ஆளே ஒப்புக்கொண்ட பிறகு எபிஹாராவால் மறுக்க முடியவில்லை. டிசம்பர் இருபதாம் தேதி கடைக்கு வந்த புத்தாண்டு இதழில் அட்டவணை முழுசாக வந்தது. எழுத்தை மட்டும் முடிந்த அளவு பொடியாக்கியிருந்தார். மேலே குஜிராயின் கட்டுரையும் ஒரு சொல் குறையாமல் இருந்தது.

மறுநாள் குஜிராய் தொலைபேசியில் கத்தியது ரிசீவருக்கு வெளியே கேட்டது. எபிஹாரா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஆள் இல்லாதபோதும் முதுகு வளைந்தது. பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “உங்ககிட்ட பேசணுமாம்” என்றார் பாவமாக.

தோமிகோ வாங்கினார்.

“நீதானா அந்த எண்ணிக்கைக்காரி? நான் அந்த லென்ஸை வச்சு ரெண்டு வாரம் படம் எடுத்திருக்கேன், தெரியுமா? ஒண்ணு கூட மங்கலே!”

“தெரியும், சென்செய். எல்லாத்தையும் லூப் வச்சுப் பார்த்தேன். அருமையா இருந்துது.”

“அப்புறம்?”

“நீங்க கொக்கு எடுத்திருந்தீங்க, சென்செய். கொக்கு நின்னுக்கிட்டிருந்துது.”

 குஜிராய் ரிசீவரை வைத்துவிட்டார். அடுத்த மாதம் தொடரை நிறுத்திவிடுவார் என்று எபிஹாரா பயந்தார். நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்டுரையோடு, பொருள் எவ்வளவு வேகமாக ஓடியது என்றும் ஒரு வரி எழுதத் தொடங்கினார். தகாசுனாவின் விளம்பரம் நான்கு மாதம் பின்னட்டையில் வரவில்லை. பின்பு வந்தது.

இசோகாயைக் கம்பெனி நகலெடுக்கும் இயந்திரங்களின் பிரிவுக்கு மாற்றிவிட்டதாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அவரே எழுதியிருந்தார். ‘இங்கே படம் எடுக்கும் காகிதம் ஓடுவதில்லை, கண்ணாடி மேல் அசையாமல் கிடக்கிறது. உடம்புக்கு ஓய்வு’ என்று ஒரு வரி. அது வேடிக்கையா, வருத்தமா என்று தோமிகோவுக்குப் புரியவில்லை. தன்னால்தான் என்ற எண்ணம் சில நாள் சோற்றோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது.

ஜனவரி கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. மொரியோகாவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒனோதெரா என்பவர் எழுதியிருந்தார். தூரிகை எழுத்து, ஆறு பக்கம். ‘சோதனை எண்களை எடுத்தவருக்கு’ என்று முகவரி. தோமிகோ வீட்டுக்குக் கொண்டுபோய், அடியில் சூடு தரும், போர்வை போர்த்திய தாழ்ந்த மேசைக்குள் காலை நுழைத்து உட்கார்ந்தார். கண் எரிந்ததால் குனிஹிகோவைப் படிக்கச் சொன்னார்.

செப்டம்பரில் அவர் அந்த லென்ஸை வாங்கியிருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் தொடர் ஓட்டத்தில் தன் அணியின் கடைசி ஆளாக ஓடினாள். ஆரம்பப் பள்ளியில் அதுதான் அவளுக்குக் கடைசி விளையாட்டு விழா. எல்லைக்கோட்டில் நின்று எடுத்திருக்கிறார். அவள் தூரத்தில் வரும் படங்கள் எல்லாம் தெளிவு. கோட்டைத் தொடும் படங்கள் எல்லாம் மங்கல்.

குனிஹிகோ மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். “‘என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். என் தகப்பனாருக்கும் இந்த வயதில்தான் கைநடுக்கம் வந்தது. நான் சவரக்கத்தி பிடிக்கிறவன். அடுத்த நாளிலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் சவரம் செய்வதை நிறுத்திவிட்டேன். முடி மட்டும் வெட்டினேன். கத்தி மழுங்கிவிட்டது, சாணைக்குப் போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். பெரிய மருத்துவமனைக்கு இரண்டு தடவை போனேன். ஒன்றும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. படங்கள் இருக்கின்றனவே.’”

குனிஹிகோ நிறுத்தினார்.

“படிங்க.”

“‘அடிக்குறிப்பு போல இருந்த உங்கள் அட்டவணையை மகள்தான் காட்டினாள். அறுபது மீட்டருக்குள் பதினொன்று. எனக்கும் அதே மாதிரி. மறுநாள் காலையில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருவருக்குச் சவரம் செய்தேன். எதிர்வீட்டுப் பெரியவர். ‘கத்தி நல்லா சாணை பிடிச்சிருக்கான்’ என்றார். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.’”

தோமிகோ முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. மூன்று மாதம் ஒரு மனிதன் தன் கையையே சந்தேகித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். முதல் ரோலை ஒளிமேசையில் பார்த்தபோது தானும் அதையேதான் நினைத்திருந்தார்.

“அந்தப் பொண்ணு ஜெயிச்சாளான்னு எழுதலையே இவரு” என்றார் குனிஹிகோ.

“அதான் படம் மங்கிப்போச்சே” என்றார் தோமிகோ. இருவருக்கும் சிரிப்பு வந்தது. தோமிகோவுக்குச் சிரித்தபடியே கண்ணில் நீர் கட்டியது.

மறுநாள் அலுவலகத்தில் கடிதத்தை நகலெடுத்து இசோகாய்க்கு அனுப்பினார். கூட எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து சின்னச் சீட்டு வந்தது: ‘பழைய பிரிவுக்கு எடுத்துப் போய், அந்த லென்ஸுக்குப் பல்சக்கரம் செய்தவர்களிடமும் வாசித்துக் காட்டினேன். அந்த வரைபடத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள்.’

ஒனோதெராவுக்குத் தோமிகோ எழுதிய பதில் இப்படி இருந்தது: ‘லென்ஸை விற்றுவிடாதீர்கள். அதன் கண்ணாடி மிக நல்லது. மகள் வரும் கல்வியாண்டில் நடுநிலைப் பள்ளியில் ஓடும்போது ஆட்டோஃபோகஸை நிறுத்திவிடுங்கள். எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பின் மேல் நீங்களே ஃபோகஸ் வைத்துவிட்டு, அவள் அங்கே வரும் வரை காத்திருங்கள். கோட்டைத் தொடுவதற்கு ஒரு எட்டு இருக்கும்போது அழுத்துங்கள். உங்கள் கை அதற்குப் போதும்.’

அதை மதியம் தபாலில் போட்டுவிட்டு, தோள் வைத்தியரிடம் போக அரை நாள் விடுப்பு சொல்லி, வண்டி ஏறினார். உட்கார இடம் கிடைத்தது. இருக்கைக்கு அடியிலிருந்து சூடு வந்தது. வைத்தியர் இருக்கும் நிலையமும், அதற்கடுத்த வீட்டு நிலையமும் தாண்டிப் போனது தூக்கத்தில் அவருக்குத் தெரியாது.

“அம்மா, கடைசி ஸ்டேஷன். எழுந்திரிங்க” என்று வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் தொட்டு எழுப்பினார்.

“இது திரும்பிப் போகுமா?”

“பன்னிரண்டு நிமிஷத்துல.”

“அப்போ நான் இப்படியே உக்காந்திருக்கலாமா?”

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தொப்பியைத் தொட்டு, “உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். தோமிகோ பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.